பெத்தவளுக்கு மட்டும்

தத்துக் குழந்தை வீட்டுக்கு வந்தபிறகும் ஓக்பினால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பால் சுரக்க மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கி, பால் உறிஞ்சும் இயந்திரத்தை மார்பில் மாட்டிக்கொண்டு கூடத்துக்கும் அறைக்குமாக நடக்கிறாள். புட்டியில் காற்றுதான் இறங்குகிறது.

மாமியார் மல்சுன், தேகு நகர அடுக்ககத்தின் மகளிர் சங்கத் தலைவி. மேடையில் பேசுகிற குரலிலேயே வீட்டிலும் தீர்ப்புச் சொன்னார்.

"பால் ஊறக் குடிக்கிற கடற்பாசி சூப்பு பிள்ளை பெத்தவளுக்குத்தான். சுமக்காத உடம்புல பால் எங்கேருந்துடி வரும்? கொரியாவே சிரிக்கும்."

"சிரிக்கட்டும் அத்தை. எனக்கு ஒரு சொட்டு வந்தாப் போதும்."

குழந்தை வீறிட்டது. ஓக்பின் பதறி அள்ளி மார்பில் போட்டுக்கொண்டாள். சற்றுப் பொறுத்து அது வாயை எடுத்தபோது, உதட்டோரம் வெள்ளையாக ஒரு துளி நின்றது. மாமியார் குனிந்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

விறுவிறுவென்று சமையலறைக்குப் போனவர், அவசரத்தில் காய்ந்த கடற்பாசிப் பொட்டலம் முழுவதையும் தண்ணீரில் கொட்டிவிட்டார். ஒரு பிடி போட்டாலே சட்டி நிறைய ஊறும் சரக்கு அது. கொஞ்ச நேரத்தில் சட்டியைத் தாண்டி, தொட்டியைத் தாண்டித் தரையில் வழிந்தது.

"என்ன அத்தை, ஊருக்கே பிரசவமா?"

"சூப்பு வெச்சுத் தரேன், வாயை மூடிட்டுக் குடிடி, பெத்தவளே."