அடைப்புக்குறிக்குள் ஒரு கரவொலி

நகர மன்றத்தில் கூட்டக் குறிப்பு எழுதும் அம்மாள் தாளில் எழுதிய கரவொலி, அவர் வேலைக்குச் சேர்ந்த இருபத்திரண்டாம் வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்குச் சத்தமாகக் கேட்க ஆரம்பித்தது. கைதட்டல் விஷயத்தில் குறிப்பம்மா படு கறார். மூன்று பேர் தட்டினால் அடைப்புக்குறிக்குள் ‘கைதட்டல்’, பாதி மன்றம் தட்டினால் ‘பலத்த கைதட்டல்’, ஒருவர் பாக்கியில்லாமல் தட்டினால்தான் ‘கரவொலி’. தலைவர் பேச்சுக்கு ஒரு ‘கரகோஷம்’ போடக்கூடாதா என்று அவருடைய உதவியாளர் வருடாவருடம் வந்து தலையைச் சொறிவார். “காதுல விழுந்தா போடறேன்” என்பார் குறிப்பம்மா. “என் சமையலுக்கு என்னிக்காவது ஒரு கைதட்டல் எழுதினியா?” என்று வீட்டில் கேட்கும் கணவருக்கும் அதே பதில்தான்.

முந்தின நாள் கூட்டத்தில், வடக்குத் தெருவுக்குத் தண்ணீர் வராதது பற்றிக் கேட்க, வால்வு திறப்பவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் எழுந்து, “நான் தினமும் திறந்துதாங்க விடறேன். அங்க குழாயே இல்லை. காகிதத்துல போட்டிருக்கு, மண்ணுக்கடியில போடலை” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நாற்பது உறுப்பினர்களும் தலைவரின் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவரின் கைகள் பாதி தூரம் எழும்பி, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இறங்கிவிட்டன. குறிப்பம்மாவின் கையில் பேனா இருந்தது. மறுநாள் சுத்தப் பிரதி எடுக்கும்போது, அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் அவருடைய கை ‘கரவொலி’ என்று எழுதிவிட்டது. பதறிப்போய் பிளேடால் சுரண்டப் போனார். அப்போதுதான் தாள் தட்டத் தொடங்கியது. முதலில் தகரத்தில் விழும் தூறல்போல, பிறகு மன்றம் முழுக்க. எண்ணிப் பார்த்தார், நாற்பத்தொரு ஜோடிக் கைகள். அதில் மோதிரம் இடிபடும் ஒன்று அவருடையதேதான்.

தலைவர் கூப்பிட்டனுப்பினார். “அடிச்சுடுங்கம்மா. நேத்து யாரும் தட்டலையே.”

ஓய்வுக்கு இன்னும் எட்டு வருடம் இருந்தது. குறிப்பம்மா தாளை மேசைமேல் வைத்தார். “நானும் தப்புன்னுதாங்க நினைச்சேன். இப்ப கேக்குதே, எப்படி அடிக்கிறது?”

தலைவரே சிவப்பு மையால் அடித்தார். சத்தம் கூடியது. இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்; அலமாரியும் அதிர்ந்தது. அடுத்த கூட்டத்தில் குறிப்பை அங்கீகரிக்கத் தாளைச் சுற்றுக்கு விட்டபோது, உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கைச்சத்தத்தை அடையாளம் கண்டுகொண்டு, தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார்கள். அந்த வாரமே வடக்குத் தெருவைத் தோண்டினார்கள். அங்கே மண்தான் இருந்தது. நாலு மாதத்தில் குழாய் வந்தது. வால்வு திறப்பவர் ஒரு மத்தியானம் வந்து அலமாரியில் காதை வைத்துக் கேட்டார். “இவ்வளவு பேராம்மா?” என்றார்.

குழாய் வந்த பிறகும் சத்தம் நிற்கவில்லை. அலமாரி நிற்கும் சுவருக்கு அந்தப் பக்கம் பிறப்புப் பதிவு அறை. குழந்தையின் பெயரைச் சொல்லிப் பதிய வருகிறவர்கள், கைதட்டல் தங்கள் பிள்ளைக்கென்றே நினைத்துக்கொள்கிறார்கள். அப்பாக்களுக்கு வெட்கம் வந்துவிடுகிறது. அம்மாக்கள் பிள்ளையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கிறார்கள். எழுத்தர் முத்திரை குத்திவிட்டு, அடுத்தவரைக் கூப்பிடுகிறார்.