பேதி மருந்து

நாலைந்து நாளாகச் சரோஜா வெளிக்குப் போகவில்லை. ஐந்து வயதுப் பிள்ளையின் வயிறு கல்லாக இறுகிக் கிடப்பதைத் தொட்டுப் பார்த்து வெள்ளையம்மா பயந்துபோனாள். தான் பெற்ற பிள்ளை என்றால் வெறும் பயத்தோடு நின்றிருக்கும். இதுவோ மூத்தாள் பெற்றது. ஏதாவது ஆகிவிட்டால், மாற்றாந்தாய் எதைப் போட்டுக் கொடுத்தாளோ என்றுதான் பேரிகைக் கிராமம் முழுக்கப் பேசும். ஊர் வாய்க்கு வேறு வேலை ஏது?

புருஷன் தீர்த்தகிரி ராயக்கோட்டைச் சந்தைக்குப் போயிருந்தான். நாத்தனார் வெங்கடம்மாள்தான் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"கால்ல போட்டு அமுக்கிப் புடி, வெள்ளையம்மா. பேதிக்குக் குடுத்தா எல்லாம் எறங்கிப்போயிரும்."

சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், குழந்தை அலறிக்கொண்டு குதிருக்குப் பின்னால் போய் ஒடுங்கியது. கால்களைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க மூச்சைப் பிடித்தது. வெள்ளையம்மா அப்போதுதான் கவனித்தாள். பிள்ளைக்கு வராமல் இல்லை, வருவதை அடக்குகிறது.

"ஏன் கண்ணு, வலிக்குதா?"

"பேதி வேணாம், சின்னம்மா. அம்மா பேதியிலதான செத்துப்போச்சு."

வெள்ளையம்மாவுக்குப் புரிந்தது. போன வருஷம் வாந்திபேதி ஊரை வாரிக்கொண்டு போனபோது, இந்தப் பிள்ளை தாயின் பாயருகில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறது. பார்க்க விட்டவர்களைச் சொல்ல வேண்டும்.

"அக்கா, எண்ணெய எடுத்துட்டுப் போயிருங்க."

"புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"என்னையக் கேளுங்க."

சொல்லிவிட்டுக் குதிரோரம் போய் உட்கார்ந்தாள்.

"அது நோவு, கண்ணு. இது தெனம் எல்லாரும் போறது. நானுந்தான் போறேன், செத்தா போனேன்?"

குழந்தை யோசித்தது. "அத்தை?"

"உங்கத்தையுந்தான்."

வெந்நீரை ஆற்றி மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தாள். கனிந்த பப்பாளி கொடுத்தாள். வயிற்றை மெல்ல நீவினாள். போ என்று ஒருதரம்கூடச் சொல்லவில்லை. வாந்தி கண்டால் உடனே ஓசூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிவிட வேண்டும் என்று மட்டும் மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலையில் பிள்ளையே வந்து முந்தானையை இழுத்தது. வேலியோரம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் குந்தினார்கள். குழந்தை அவள் விரலை நொறுக்கிவிடுவதுபோலப் பிடித்துக்கொண்டு முக்கியது, அழுதது. பிறகு முகம் தளர்ந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை. கண்ணை இறுக மூடியபடியே கேட்டது.

"சின்னம்மா, நான் இருக்கேனா?"

"இருக்கற, சாமி."

"நீ?"

வெள்ளையம்மா இன்னும் நெருங்கிக் குந்தினாள்.

"நானும் இருக்கேன்."

குழந்தை ஒரு கண்ணை மட்டும் திறந்து, அவள் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டது.