மறதிக்காரக் கேலண்டர்

மூக்குக்கண்ணாடிக் கடைக் கவுண்டரில் இருந்த கம்ப்யூட்டருக்கு என்ன வயது என்று அதைச் செய்தவனுக்கே மறந்திருக்கும். காலையில் பொத்தானை அமுக்கிவிட்டு, ஒரு பிள்ளையைப் பெற்று, பேர் வைத்து, பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு வந்தால், அப்போதுதான் திரையில் மெல்ல வெளிச்சம் வரும். அன்றைக்கும் அப்படித்தான் வந்தது. கேலண்டர் தன்னால் திறந்துகொண்டது. திறந்த கையோடு, கல்யாண மண்டப வாசலில் அழைப்பிதழ் கேட்கும் ஆள் மாதிரி ஒரு பெட்டியை நீட்டியது. பாஸ்வேர்டு?

கவுண்டரில் உட்கார்ந்திருந்த சின்னவள் பெட்டியைப் பார்த்தாள். பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இத்தனை நாளாக வரவில்லை. பெட்டிக்குக் கீழே 'நினைவில் வைத்துக்கொள்' என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கிடந்தது. அந்தக் கேலண்டரும் சத்தியவான் போல நினைவில் வைத்திருந்தது. நேற்று ஏதோ அப்டேட் ஆனதாம். அதோடு மூளை கழுவித் துடைத்த பளிங்காகிவிட்டது. டிக் மட்டும் வெட்கமில்லாமல் அப்படியே நின்றது.

போன் அடித்தது. அப்பா.

"நான் ஷூ போட்டு உக்காந்துட்டேன். இன்னைக்கு யாரு வர்றீங்க?"

"இன்னைக்கு டயாலிசிஸ் இல்லையேப்பா."

"நாளைக்கு மெஷினைக் கழுவுறாங்களாம். இன்னைக்கே வரச் சொல்லிட்டாங்க. உங்க அண்ணிகிட்ட சொல்லியாச்சாம், அவ கேலண்டர்ல ஏத்திட்டாளாம். யாரு வர்றதுன்னு அதுல இருக்குமாமே."

"பார்த்துச் சொல்றேன்."

"சீக்கிரம் பாரு. லேட்டானா என் மெஷினை வேற கிழவனுக்குக் குடுத்துடுவாங்க. அந்த மூலைக் கட்டில்காரன் ரொம்ப நாளா கண்ணு வெச்சிருக்கான்."

அந்தக் கேலண்டர் அப்பாவுக்காகவே பிறந்தது. அப்பாவைக் கூட்டிப்போகும் முறை, வேலையைப் பொறுத்து, சில நாள் சின்னவளுக்கு, சில நாள் அவள் அண்ணன் பெரியவனுக்கு. இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. ஆகவே அண்ணி நடுவில் நின்று கேலண்டரில் எழுதுவாள், இவர்கள் தனித்தனியாகப் பார்த்துக்கொள்வார்கள். இரண்டு நாட்டுத் தூதர்கள்கூட இவ்வளவு சுத்தமாக வேலை செய்திருக்க மாட்டார்கள். அண்ணியைக் கேட்கலாம் என்றால், அவள் மருந்து பேக்டரியில் தலை முதல் கால் வரை வெள்ளை உறை மாட்டிக்கொண்டு நிற்பாள். போன் சாயங்காலம் வரை லாக்கரில்.

பேச்சு நின்றது அம்மா போன அன்றைக்கு. ஆஸ்பத்திரித் தாழ்வாரமே ஆறாக ஓடும் அளவுக்குப் பெரியவன் அழுதான். சின்னவள் நர்ஸிடம் போய், "எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டாள். அவள் கண் வற்றல் மாதிரிக் காய்ந்திருந்தது. "நீ மனுஷியா, மரமா?" என்றான் அவன். மரம் போய்க் கையெழுத்துப் போட்டது. அதோடு சரி. அன்றைக்கு உள்ளே மரத்துப்போன ஏதோ ஒன்று இன்னும் தெளியவில்லை. அவள் கடைக்கு வந்தாள், பிரேம் துடைத்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள். எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்காரிக்காகச் செய்து கொடுப்பது போலச் செய்தாள்.

"என்னம்மா, பேய் அறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?" லென்ஸ் தேய்க்கும் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார் கடைக்காரர் பூதக்கண்ணாடி. அவர் போட்டிருந்த கண்ணாடியில் அவருடைய கண் இரண்டும் பொரித்த முட்டை அளவுக்குத் தெரியும்; பேர் அப்படி வந்ததுதான்.

"பாஸ்வேர்டு கேக்குது, சார்."

"உங்க அண்ணன் வந்து போட்டுக் குடுத்தாரே, நீ சாப்பிடப் போயிருந்தப்ப? நான் பக்கத்துலதானே நின்னேன். வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே அடிச்சாரு."

"என்ன சொன்னாரு?"

பூதக்கண்ணாடி தொண்டையைச் செருமினார். "நான் சொன்னதா நினைச்சுக்காதே. அழுமூஞ்சின்னாரு. நடுவுல மெஷின் சத்தம் வேற. ஆனா அழுமூஞ்சி நல்லாக் காதுல விழுந்துச்சு."

அது சின்ன வயதில் அவளுக்கு அவன் வைத்த பேர். மரத்துக்குப் பாஸ்வேர்டு அழுமூஞ்சி! குத்திக்காட்டத்தான் வைத்திருப்பான் என்று நினைத்தாள். கோபம் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை.

அடிக்க ஆரம்பித்தாள். அங்கேதான் வினை. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுத உட்கார்ந்தால் ஊருக்கு ஒரு வழி, வீட்டுக்கு ஒரு வழி, ஆளுக்கு ஒன்பது வழி. ழகரத்துக்கு இசட் எச் போட்டாள். தவறு. வெறும் இசட். தவறு. மூவுக்கு இரண்டு ஓ, ஒரு யு, இரண்டு யு. ஞ்சிக்கு என் ஜே, என் சி எச். தவறு, தவறு, தவறு. பூதக்கண்ணாடி பின்னால் நின்று, "கடைசியில ஒரு ஒய் போட்டுப் பாரேன், கொஞ்சம் ஸ்டைலா இருக்கும்," என்றார். அதுவும் தவறு. உலகத்தில் இருக்கும் அழுமூஞ்சிகளையெல்லாம் வரிசையில் நிறுத்திப் பார்த்தும் அது ஒருத்தியையும் உள்ளே விடவில்லை.

"ஏம்மா, அண்ணனுக்கு ஒரு போன் போட்டா முடிஞ்சுது. இதுக்குப் போயி..."

"இன்னும் ஒண்ணு பார்க்கிறேன், சார்."

போன் போடுவதைவிட இது சுலபம். சாயங்காலம் வரைகூட அடித்துக்கொண்டிருப்பாள். ஆனால் பெட்டி சிவந்து, பல முறை தவறிவிட்டது, பிறகு முயலவும் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டது. அதே நேரம் அப்பா மறுபடி போன் செய்தார். "ஷூவைக் கழட்டட்டுமா?"

"கழட்டாதீங்க," என்றாள். பெரியவன் நம்பரைத் தொட்டாள்.

"ம்," என்றது எதிர்முனை. பின்னால் இரும்பு இரும்போடு உரசியது. பெரியவன் லிப்ட் மெக்கானிக்.

"நான்தான்."

"தெரியுது. பேரு வருதே."

"கேலண்டர் பாஸ்வேர்டு என்ன?"

எதிர்முனையில் ஒரு நட்டு முறுகி முடிந்தது. பிறகு அவன், "அழுமூஞ்சி இல்ல," என்றான்.

"அது இல்லன்னு எனக்கே தெரியும். அடிச்சு அடிச்சு விரல் தேஞ்சுபோச்சு. எதுன்னு சொல்லு."

"அதான் சொல்றேன்ல. அழுமூஞ்சி இல்ல."

"சரி, அழுமூஞ்சி இல்ல. வேற எது?"

"அய்யோ! 'இல்ல'வையும் சேர்த்து அடிடீ! அதுதான் பாஸ்வேர்டு! 'நான் அளுமூஞ்சி இல்ல'!" லிப்ட் குழிக்குள் அவன் கத்தியது அத்தனை மாடிக்கும் கேட்டிருக்கும். "இசட் போடாதே, எல் போடு. உனக்கு எந்தக் காலத்துல ழ வந்துச்சு? மூக்கு ஒழுக நின்னுக்கிட்டு அப்படித்தானே கத்துவே? நான் அளுமூஞ்சி இல்ல, நான் அளுமூஞ்சி இல்லன்னு."

"அதை எதுக்கு வெச்சே?"

"எதையாச்சும் வைக்கணுமே." இரும்பு உரசியது. "அன்னைக்கு மனசுல அதுதான் ஓடிட்டிருந்துச்சு."

எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைக் கிள்ளினால், கிள்ளுகிறோம் என்று விரலுக்குத் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது. அப்படி இருந்தது. விரலுக்குத் தெரிந்தது.

"இப்ப அடிச்சாலும் திறக்காது. பூட்டிக்கிச்சு," என்றாள். "உன்னோடதுல பாரு. இன்னைக்கு யாரு முறை? அப்பா ஷூ போட்டு உக்காந்திருக்காரு."

"இன்னைக்கா?"

"மெஷின் கழுவுறாங்களாம். நீ பார்க்கலையா?"

"என்னோடதும் நேத்துலேர்ந்து பாஸ்வேர்டு கேட்டு உசுரை வாங்குது. எரிச்சல்ல கேன்சல் பண்ணிக்கிட்டே இருந்தேன்." அவன் குரல் இறங்கியது. "நான் குழிக்குள்ள தொங்கிட்டு இருக்கேன். உள்ள ஆள் மாட்டியிருக்கு. எடுத்துட்டுத்தான் வர முடியும்."

ஆகமொத்தம் அண்ணி ஒருத்தி ஒழுங்காக எழுதிவைத்ததை உலகத்தில் ஒருவரும் படிக்கவில்லை.

"நான் கூட்டிட்டுப் போறேன்," என்றாள் சின்னவள்.

"கூட்டிட்டு வர நான் வர்றேன்."

"சரி."

பூதக்கண்ணாடி, "கடையை நான் பார்த்துக்கறேன், யாராவது வந்தா எல்லாருக்கும் ஒரே பவர்தான் குடுப்பேன்," என்று வழியனுப்பினார்.

வீட்டில் அப்பாவை ஏற்றிக்கொண்டதும் டாக்ஸிக்காரன் சிவப்பு விளக்குகளை அலங்காரம் என்று நினைத்து ஓட்டினான். அப்படியும் லேட். மூலைக் கட்டில்காரர் அப்பாவின் மெஷினுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே தலையணையைத் தட்டிக்கொண்டிருந்தார். சின்னவள் நர்ஸிடம் போய், "இது எங்க அப்பாவுக்கு," என்றாள். குரலில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. அந்த மொட்டைக் குரலைக் கேட்டு நர்ஸ் என்ன நினைத்தாளோ, தலையணையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்து அனுப்பிவிட்டாள். ஊசி ஏறியது. ரத்தம் குழாய் வழியாக வெளியே போய், குளித்துவிட்டுத் திரும்பி வந்தது. அப்பா தூங்கிப்போனார்.

அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கடைக்குத் திரும்பலாம் என்று தோன்றவில்லை. தோன்றாததால் எழுந்திருக்கவில்லை.

பெரியவன் முழங்கை வரை கிரீஸோடு வந்தான். ஒரு நாற்காலி விட்டு அடுத்ததில் உட்கார்ந்தான்.

"ஆளை எடுத்துட்டியா?"

"எடுத்தாச்சு. உள்ள நல்லாத் தூங்கிட்டிருந்தான். எழுப்பினதுக்குத் திட்டுறான்."

அவளுக்குச் சிரிப்பு வரும் இடம் அது. உதடு கொஞ்சம் அசைந்தது. அவன் அதைப் பார்த்தான், பார்க்காதது போல மெஷினைப் பார்த்தான்.

"அடுத்த தடவை யாரு?" என்றான்.

"தெரியல."

"போன் பண்றியா?"

"நீ பண்ணு."

"சரி, பண்றேன்."

அப்பா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். சின்னவளைப் பார்த்தார். கண் மெதுவாக நகர்ந்து பெரியவனிடம் போனது. மறுபடி சின்னவளிடம் வந்தது. முகம் வெளுத்துவிட்டது.

"ரெண்டு பேரும் சேர்ந்து வந்திருக்கீங்க," என்றார். "டாக்டர் ஏதாச்சும் சொல்லிட்டாரா?"

"ஒண்ணும் இல்லப்பா," என்றாள். "கேலண்டர் கெட்டுப்போச்சு."

"அப்பாடா," என்று அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.