ஐந்து துளைகளும் ஒரு வெட்டும்

ஓட்டை மகாராஜாவுக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. ஈரலில் கட்டி என்றால் வயிற்றைக் கிழிக்காமல், ஐந்து துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டு அறுத்தெடுப்பதில் பெயர் வாங்கிய சர்ஜன். ஓட்டை மகாராஜா என்ற பட்டப்பெயர் மட்டும் ஆஸ்பத்திரிக்காரர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் கொடுத்தது. கீழ்த்தளத்து அரங்கில் வெளியூர் டாக்டர்கள் உட்கார்ந்து அவர் கைவேலையை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மயக்க மருந்து டாக்டரம்மாவுக்குத் துளைகள் மேல் கோபமில்லை. வலி குறைவு, நோயாளி சீக்கிரம் எழுந்து நடக்கிறார், எல்லாம் உண்மைதான். மகாராஜாவைத்தான் அவளுக்கு அறவே பிடிக்காது.

"இதுவரைக்கும் ஒரு கேஸைக்கூட பாதியில திறந்ததில்ல" என்று அவர் மைக்கில் பீற்றிக்கொண்டபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிக்கல் வந்தால் வயிற்றைத் திறப்பதும் வைத்தியம்தானே? அதைப் போய் அவமானம் என்று நினைக்கிறாரே இந்த மனிதர்!

மேஜையில் கிடந்தவர் லாரி டிரைவர். ஊசி போடும்போது, "முழிச்சிடுவேன்ல மேடம்?" என்று கேட்டிருந்தார். "நான் பக்கத்துலயேதான் இருப்பேன்" என்று சொல்லியிருந்தாள்.

ஈரலை அறுக்கையில் ஒரு ரத்தக்குழாய் கிழிந்தது. திரை முழுக்கச் சிவந்தது.

"சார், பிரஷர் இறங்குது. திறந்துடுங்க."

"ஒரு தையல் போட்டா நின்னுடும்." அரங்குக்காகக் குரலில் தேன் தடவிக்கொண்டு, "இந்த மாதிரி நேரத்துலதான் பொறுமை வேணும்" என்று பாடம் வேறு நடத்தினார்.

தையல் பிடிக்கவில்லை. அவள் ஏற்றிய ரத்தமெல்லாம் அப்படியே வயிற்றுக்குள் கொட்டியது.

"சார், கை மீறிப் போகுது!"

"எத்தனை பேர் பாக்கறாங்கன்னு தெரியுமா?" மைக்கில் விழாமல் பல்லைக் கடித்தார்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இவரிடம் நோயாளியைப் பற்றிப் பேசிப் பிரயோஜனமில்லை. சுவரோரம் இருந்த நேரலைப் பெட்டியின் ஒயரை வெடுக்கென்று பிடுங்கினாள். அறைக்குள் இருந்த திரை அப்படியே இருந்தது. கீழே அரங்கில்தான் படம் அணைந்தது.

"லைன் கட்டாயிடுச்சு சார். இப்ப யாரும் பாக்கல."

மகாராஜா பெட்டியைப் பார்த்தார். விளக்கு அணைந்திருந்தது.

"கத்தி குடுங்க சிஸ்டர்" என்றார் உடனே.

வயிறு திறந்தது. கை உள்ளே போய் அழுத்திப் பிடித்தது. ரத்தம் நின்றது. கெட்டிக்காரக் கைதான், அதனாலேயே அவளுக்கு வயிற்றெரிச்சல் இரட்டிப்பானது.

முடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு அரங்குக்குப் போனார். "லைன் சொதப்பிடுச்சு, மத்தபடி எல்லாம் நல்லா முடிஞ்சுது" என்றாராம். கைதட்டினார்களாம். தூ!

மறுநாள் டிரைவரின் மனைவி அவர் வயிற்றில் போட்டிருந்த நீளக் கட்டைப் பார்த்துப் பதறினாள். "சின்ன ஓட்டைதான்னு சொன்னாங்களே மேடம்? ஏதாவது தப்பாயிடுச்சா?"

சொன்னால் வேலைக்கே வேட்டு என்று தெரிந்தும் டாக்டரம்மா சொன்னாள்.

"திறந்தது தப்பில்லம்மா, அதனாலதான் பிழைச்சாரு. லேட்டா திறந்ததுதான் தப்பு. யாரும் பாக்கலன்னு தெரிஞ்சப்புறம்தான் பெரிய டாக்டர் உங்க வீட்டுக்காரரைப் பாத்தாரு."