ஹைமன் ஜாரெட்ஸ்கியின் பல்பு

நவம்பர் 12, செவ்வாய்.

நேற்று இங்கே தவறாக எழுதிவிட்டேன். இறந்தவர்களின் பெயர் பொறித்த நினைவுப் பலகையில் பல்புகள் எல்லாம் ஒருசேர எரிவது புதுப்பிப்பு வேலையில் நேர்ந்த கோளாறு என்றேன். கோளாறே இல்லை. எங்கள் அருங்காட்சியக இயக்குநர் கார்ஃபைன்தான் அப்படி வைக்கச் சொன்னாராம்.

நான் போகும் மாலை நேர எழுத்து வகுப்பில் சொல்வதுபோல் நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன். கோபத்தில் எவ்வளவு தூரம் முடியும் என்று தெரியவில்லை.

மூடுவதற்குச் சற்று முன் புரூக்ளினிலிருந்து புளூமா ஜாரெட்ஸ்கி வந்தார். அவருடைய அப்பா ஹைமன் அருங்காட்சியகம் இருக்கும் தெருவில் கால்சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுப் பிழைத்தவர். அருங்காட்சியகம் வெறும் யூத ஜெபாலயமாக மட்டும் இருந்த காலத்தில் அங்கேதான் தொழுதார். யூதர் கணக்கில் நாள் மாலையில் தொடங்கும் என்பதால், இன்று சூரியன் மறைந்ததும் அவருடைய திதி தொடங்கி நாளை மாலைவரை இருக்கிறது. பலகையில் ஒவ்வொரு பெயரின் அருகிலும் ஒரு சிறு பல்பு உண்டு. யாருக்குத் திதியோ அவருடையது மட்டும் எரிய வேண்டும்.

புளூமா அப்பாவின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தார். பக்கத்துப் பல்புகளை இரண்டு கையாலும் மறைத்துப் பார்த்தார். மேல் வரிசை எட்டவில்லை.

"ஏன் கண்ணு, இவங்க எல்லாரும் ஒரே நாள்லயா செத்தாங்க?"

கார்ஃபைனை அழைத்து வந்தேன். ஒரு பல்பு மட்டும் எரிந்தால் மற்றதெல்லாம் பழுது என்று பார்வையாளர்கள் புகார் செய்கிறார்களாம். எல்லாம் எரிந்தால் நின்று படம் எடுக்கிறார்களாம். வேண்டுமானால் ஹைமனின் இஸ்திரிப் பெட்டியைக் கொடுங்கள், கண்ணாடிப் பேழையில் வைக்கிறோம் என்றார்.

"பெட்டி கிடக்கட்டும் சார். அந்த மனுஷனுக்கு வருஷத்துல ஒரு நாள்தான். அதையும் அலங்காரத்துக்குப் புடுங்கிக்கிட்டீங்களே."

"அலங்காரம் இல்லம்மா, எல்லாருக்கும் சேர்த்து ஒரு மரியாதை."

"மரியாதையா? கல்யாண மண்டபம் மாதிரில்ல இருக்கு."

எல்லாவற்றையும் ஒரே ஸ்விட்சில் இணைத்தாயிற்று, தனியாக எரியவைக்க வழியில்லை என்று சொல்லிவிட்டு அவர் மாடிக்குப் போய்விட்டார். நாளை மதியம் மறுபடி வருவதாகப் புளூமா என்னிடம் மட்டும் சொன்னார்.

வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகாத எனக்கு என்ன தெரியும் என்று ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். இருந்தாலும், செத்தவர்களின் நாளை எடுத்து விளக்கு ஜோடனை செய்ய இவர் யார்? ஸ்விட்ச் ஒன்றுதான், பல்புகளைத் தனித்தனியாகத்தானே திருகி மாட்டியிருக்கிறது?

நாளை: திறப்பதற்கு முன்பே போய், ஏணி போட்டு ஏறி, ஹைமனுடையதைத் தவிர மற்ற பல்புகளைத் தளர்த்த வேண்டும். கார்ஃபைன் கேட்டால் நான்தான் என்று சொல்ல வேண்டும்.