அத்தான் வந்த மேசை

1992 கோடையில் கலாவதி லண்டன் வெஸ்ட் எண்டில் கசினோ எனும் சூதாட்ட விடுதி ஒன்றில் ஆட்டக்காரருக்குச் சீட்டுப் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டாரிடம் ஹோட்டல் வேலை என்றுதான் சொல்லியிருந்தாள். ஐந்தாம் நாள், மதியம் மூன்று மணிக்கு, அவளது பிளாக்ஜாக் சீட்டாட்ட மேசையில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். நிமிர்ந்து பார்த்தாள். கணேசலிங்கம். அக்கா தவநாயகியின் கணவர். ஹரோ தமிழ்ப் பள்ளியின் தலைவர். சீட்டுக்கட்டைக் கண்டாலே பிள்ளைகளை ஏசுகிறவர்.

அவளைக் கண்டதும் அவர் முகம் வெளிறிப்போயிற்று. ஆனால் எழும்பவில்லை.

சொந்தக்காரர் மேசைக்கு வந்தால் உடனே சொல்லிவிட வேண்டும் என்பது அங்கே கண்டிப்பான விதி. கலாவதி மேற்பார்வையாளரை அழைத்து, "இவர் என் அக்காவின் கணவர்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"இந்தப் பெண்ணை நான் கண்டதேயில்லை" என்றார் கணேசலிங்கம், அதே ஆங்கிலத்தில், கண் இமைக்காமல்.

கல்யாணத்தில் அவருக்கு மாலை எடுத்துக் கொடுத்தவளே அவள்தான். மேற்பார்வையாளர் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, அவரை வேறு மேசைக்குப் போகச் சொன்னார். கணேசலிங்கம் கோபமாக வெளியேறினார்.

"நாலு வருசமாக வருகிற மெம்பர், ஒருநாளும் இப்படி நடந்ததில்லை" என்று வாசலில் உறுப்பினர் அட்டை பார்க்கும் பெண் கலாவதியிடம் வியந்தாள்.

ஆறு மணிக்கு வேலை முடிந்து பிளேஸ்டோவில் தன் அறைக்கு வந்ததும் டெலிபோன் அடித்தது. அக்காதான்.

"எடியே, நீ கசினோவிலயோ நிக்கிறாய்? உன்னைக் கூட்டிக்கொண்டு வரவெண்டு தேடிப்போன மனுசனைப் பிடிச்சு வெளியில தள்ளினியாம்! அவர் வந்து அழுறார்."

அத்தான் முந்திக்கொண்டு கதை கட்டிவிட்டார் என்று கலாவதிக்குப் புரிந்தது.

"அக்கா, நான் அங்க வேலை செய்யிறது உண்மை. பொய் சொன்னது என்ரை பிழை. ஆனா அத்தான் என்னைத் தேடி வரேல்லை. அவர் அங்க நாலு வருச மெம்பர்."





"மத்தியானத்தில கந்தோரில வேலையிலயெல்லோ நிக்கிறவர்..." தவநாயகியின் குரல் உடைந்தது. "நாலு வருசமோ?"

"ஓம் அக்கா."

"பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு இப்பவே உன்ரை அறைக்கு வாறன். கதவைத் திறந்து வை."