மாதிரி வீடு

குளியலறைக் குழாயைத் திருகியபோது அது கையோடு வந்துவிட்டது. பின்னால் பைப்பே இல்லை. மகள் அதை இருந்த இடத்திலேயே செருகிவிட்டு, கொண்டுவந்திருந்த பாட்டில் தண்ணீரில் துண்டை நனைத்து அப்பாவின் முகத்தைத் துடைத்தாள். மூச்சு வாங்குகிறது என்று காலையில் கூப்பிட்டிருந்தார். அவள் வந்தபோது மூச்சில்லை.

எட்டாவது மாடியில் இந்த ஒரு வீடுதான் முடிந்திருந்தது, வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக. நாட்டுப் பணம் சரியத் தொடங்கிய வாரமே, கட்டடத்தில் பணம் போட்டிருந்த வெளிநாட்டுக்காரர்கள் போட்டதை உருவிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கொத்தனார்கள் போனார்கள், கிரேன் போனது. வாட்ச்மேன் அப்பா மட்டும் போகவில்லை.

"சம்பளமே வரலயேப்பா, வீட்டுக்கு வந்துடுங்க" என்று ஃபோனில் கெஞ்சுவாள்.

"அவங்க திரும்பி வந்தா சாவி யாரு குடுப்பா?"

அறை பெரிதாகத் தெரியவேண்டுமென்று கட்டிலைச் சின்னதாகச் செய்திருந்தார்கள். முடங்கிக் கிடந்த அப்பாவின் கால்களை மெல்ல நீட்டினாள். பாதங்கள் கட்டிலுக்கு வெளியே போய் நின்றன.

அப்பாவைக் கொண்டுபோக அவள் கூப்பிட்டிருந்த வேன்காரர் மேல்மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"லிஃப்ட் ரிப்பேராம்மா?"

"லிஃப்டே இன்னும் மாட்டலண்ணே."

"உங்கப்பா சொர்க்கத்துக்குப் பாதி தூரம் ஏறிட்டாரு போல." சொன்னவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டார். "தூக்க வேற யாரும்..?"

"நாந்தான்."

அவர் படுக்கையறைக் கதவைத் தட்டிப் பார்த்தார். "இதக் கழட்டிடலாம். மேல படுக்க வெச்சு இறக்கிடலாம்."

"வேண்டாண்ணே. இங்கேருந்து ஒரு துரும்பக்கூட எடுக்க விடமாட்டாரு."

"யாருக்காகக் காத்தாரோ, அவங்களா தூக்க வரப்போறாங்க?"

அவள் அப்பாவின் அலமாரியில் தேடித் திருப்புளியை எடுத்தாள். கதவைத் தானே கழற்றினாள். திருகாணிகளை ஒன்று விடாமல் ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

படிகளுக்குக் கைப்பிடி இன்னும் போட்டிருக்கவில்லை. வேன்காரர் முன்னால் பின்நடையாக இறங்கினார். அவள் தலைமாட்டில் பிடித்திருந்தாள். ஒவ்வொரு தளத்திலும் இறக்கி வைத்து மூச்சு விட்டார்கள். கதவில்லாத அறைகளில் வெயில் விழுந்து கிடந்தது.

"பாத்தும்மா, படி உடஞ்சிருக்கு."

"ம்."

அப்பாவை வேனில் ஏற்றியதும் அவள் வாசல் கேட்டுக்குத் திரும்பி வந்தாள். தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருந்தது. வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினாள். கேட் மெல்ல முனகிக்கொண்டு திறந்தது. மறுபடி சாத்தினாள்.

"விடுங்கம்மா, நேரமாகுது."

"இதோ வந்துட்டேண்ணே" என்றாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.